4 வயது மகளுக்கு ‘புலன்-இயக்கப் பயிற்சி’ தேவையா? பள்ளியில் சேரச் சொல்கிறார்கள்

காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். மகளுக்கு நாலேகால் வயது, எல்கேஜி படிக்கிறாள். பள்ளியில் இந்த ஆண்டு ‘புலன்-இயக்கப் பயிற்சி’ (கண், காது போன்ற புலன்களையும் உடல் அசைவையும் சேர்த்துப் பழக்குவதாம்) என்று புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள், பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம். கட்டணம் தனி, எங்கள் வருமானத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. சமநிலைப் பலகை, துணிச் சுரங்கம், தொங்கும் பந்து, ஊஞ்சல் எல்லாம் வைத்திருக்கிறார்கள். இதில் பயிற்சி கொடுத்தால் மூளையின் இரண்டு பாதியும் சேர்ந்து வேலை செய்யும், கையெழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றும் முன்னேறும் என்று நோட்டீசில் போட்டிருக்கிறது.

எனக்கு ரெண்டு மனசாக இருக்கிறது. அவள் படியிறங்கும்போது இன்னும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போகிறாள். பந்து போட்டால் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். மாமியார், “நடக்கிற புள்ளைக்கு நடை சொல்லித் தர ஒரு வகுப்பா?” என்கிறார். வீட்டுக்காரர், பள்ளியில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், சேர்த்துவிடு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்

நோட்டீசில் ‘மூளையின் இரண்டு பாதி’ என்று இருந்தாலே பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் மேடம். அந்தக் காசுக்கு ஒரு பெரிய பந்து, ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் குடும்பத்தோடு முக்கொம்பு போய்வரலாம்.

சிறுநடை (மதுரை)

நான் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். சேலத்து நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பந்து. பிடிப்பதைக் கை வேலை என்று நினைக்கிறோம். பந்து எங்கே வருகிறது, எவ்வளவு வேகம், எந்தக் கணத்தில் கையை மூட வேண்டும் என்று கணிப்பதுதான் அதில் கஷ்டமான பாகம். 3, 4 வயதில் கையை விறைப்பாக நீட்டி, பந்து வந்து விழுந்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். முகத்தைத் திருப்புவதும் அந்தக் கட்டத்தில் சகஜம், அது பயம். நெஞ்சின் உதவி இல்லாமல் கையால் மட்டும் பிடிப்பது அப்புறம்தான் வரும். பலூனில் தொடங்குங்கள், அது மெதுவாக இறங்குவதால் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கும். பிறகு பழைய துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டிய பந்து, பிறகு காற்றுக் குறைந்த ரப்பர் பந்து. கிரிக்கெட் டென்னிஸ் பந்தை 4 வயதில் முகத்துக்கு நேரே எறிந்து பழக்கும் அப்பாக்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

படி இறங்குவது: 4 வயது வாக்கில் பெரும்பாலான குழந்தைகள் மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்குவார்கள். உங்கள் மகள் சற்று நிதானமாக இருக்கிறாள், அவ்வளவே. உங்கள் வீடு மாடிப்படி உள்ள வீடா, தரைத்தளமா? தினமும் படி ஏறாத பிள்ளைக்கு அது தாமதமாக வருவதில் ஆச்சரியமில்லை.

இவற்றைக் கவனித்துவிட்டு எழுதுங்கள். ஒற்றைக் காலில் ஒரு மூன்று, நான்கு விநாடி நிற்கிறாளா? பென்சிலை முஷ்டியில் பிடிக்காமல் விரல்களால் பிடிக்கிறாளா? ஆள் படம் வரையச் சொன்னால் தலை, கை, கால் என்று மூன்று உறுப்பாவது வருகிறதா? சில பட்டன்களைத் தானே கழற்றுகிறாளா? கூட்டல் குறி மாதிரிக் கோட்டைப் பார்த்து வரைகிறாளா? நொண்டியடிப்பதை இப்போது எதிர்பார்க்க வேண்டாம், 5 வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

பழையபேப்பர்

கையெழுத்து, வாசிப்பு, கணக்கு முன்னேறும் என்று நோட்டீசில் உள்ள அந்தக் கடைசி வரிக்கு 60 வருட வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நியூவெல் கெபார்ட் என்பவர் இருந்தார். எல்லாக் கற்றலுக்கும் உடல் அசைவுதான் அடித்தளம், அந்த அடித்தளம் ஆடினால் படிப்பும் ஆடும் என்பது அவர் வாதம். நடைபலகை, ஆடும் பலகை, கரும்பலகையில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் வட்டம் போடுவது, தரையில் மல்லாந்து கிடந்து கை கால்களை விரித்து மடக்குவது எல்லாம் அவருடைய பயிற்சிகள். 1960களிலும் 70களிலும் அங்கே சிறப்புப் பள்ளிகளில் இது காட்டுத்தீயாகப் பரவியது. அதே காலத்தில் மரியான் ஃப்ராஸ்டிக், பார்வைப் புலனுணர்வுக்கென்று (கண்ணால் பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளும் திறன்) தனிச் சோதனையும் பயிற்சித் தாள்களும் கொண்டுவந்தார்.

பிறகு கவாலே, மாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை வந்த 180 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகப் பகுத்துப் பார்த்து 1983ல் வெளியிட்டார்கள். பயிற்சியின் சராசரி விளைவு 0.08. புள்ளியியலில் 0.2ஐயே ‘சிறியது’ என்பார்கள், அப்படியானால் இது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பலகையில் நடந்த குழந்தைகள் அதனால் வாசிக்கத் தொடங்கிவிடவில்லை.

தவழாமல் விட்டதால்தான் பிரச்சினை, மறுபடி தவழவிட்டால் மூளை சரியாகும் என்று டோமன், டெலகாட்டோ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதை மறுத்து 1982லும் 1999லும் அறிக்கையே விட வேண்டியிருந்தது. உங்கள் பள்ளி நோட்டீஸ் இந்தப் பழைய சரக்கின் புது அட்டை.

மைதானம் (கோவை)

பழையபேப்பர் சார், நீங்கள் சொன்ன கணக்கைப் பலர் தப்பாக எடுத்துப் போய்விடுவார்கள். ‘பயிற்சியால் ஒன்றும் ஆகாது’ என்று அதற்குப் பொருள் இல்லை. பலகையில் நடந்தால் வாசிப்பு வராது, சரி. நடை வருமா வராதா? அதுதான் என் கேள்வி. நான் உடற்கல்வி ஆசிரியர், சின்னப் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

ஓடுவது, குதிப்பது, எறிவது, பிடிப்பது, உதைப்பது: இவை வயதானால் தானாக முதிர்ந்துவிடும் என்று நம்புகிறோம். அரைகுறையாக வரும், முழுசாக வராது. எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் காலை முன்னே வைத்து எறியத் தெரியாத எத்தனை பேர் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள் தெரியுமா? லோகன் குழுவினர் 2012ல் வெளியிட்ட தொகுப்பு இதற்கு நல்ல சான்று. 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். திட்டமிட்டுச் சொல்லித் தந்த குழந்தைகளிடம் 0.39 அளவுக்கு முன்னேற்றம். வழக்கமான வகுப்போ சும்மா விளையாட்டோ மட்டும் கிடைத்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் போதும் என்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

படிப்புக்காகத்தான் ஓட வேண்டுமா? ஓடத் தெரிவது ஒரு குழந்தைக்குத் தன்னளவில் தேவை இல்லையா? பிடிக்கத் தெரியாத பிள்ளையை யாரும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள், ஆட்டத்தில் சேராத பிள்ளைக்குப் பிடிப்பது என்றைக்கும் வராது. எனக்கு இந்தக் காரணமே போதும்.

சேலத்துக்காரன்

மைதானம் சார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் எதற்கு? பாண்டி, கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை, கல்லாங்காய் என்று நாம் வளரவில்லையா? அதைவிடவா ஒரு புலன்-இயக்கப் பயிற்சி வேண்டும்?

சிறுநடை (மதுரை)

எல்லா விவாத இழையிலும் பாண்டி வந்துவிடும் என்று காத்திருந்தேன் :) பாண்டி அருமையான ஆட்டம். சில்லைக் கட்டத்துக்குள் விழும்படி எறிய தூரக் கணிப்பு வேண்டும், நொண்டிக்கொண்டே குனிந்து எடுக்க சமநிலை வேண்டும், எந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும் என்ற நினைவும் வேண்டும். ஆனால் அதை எந்த வயதில் ஆடினீர்கள்? ஆறு, ஏழு. 3, 4 வயதில் அக்கா ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்திருப்பீர்கள், அல்லது ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்திருப்பார்கள். அந்த ஒப்புக்குச் சப்பாணி ஏற்பாட்டில்தான் கற்றல் நடந்தது. தெருவில் எல்லா வயதுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். இப்போது எல்கேஜி வகுப்பில் முப்பது பேரும் ஒரே வயது, யாரைப் பார்த்துக் கற்பது?

கல்லாங்காயும் அப்படித்தான், அது பெரிய பிள்ளைகளுக்கு. 3 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் சிறு கல், புளியங்கொட்டை கொடுக்கவே கூடாது, வாயில் போட்டுக்கொள்வார்கள்.

அங்கன்வாடி டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

எல்லோருக்கும் வணக்கம். படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மையத்தில் ஒரே அறை. அதிலேயே சமையல் சாமான், எடை பார்க்கும் மெஷின், பாய், பிள்ளைகள். எங்களுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே இருக்கிறது, உடல் வளர்ச்சிச் செயல்பாடு தினமும் உண்டு. எழுதினபடி எல்லாம் நடக்கிறதா என்றால், பதிவேடும் செல்போன் ஆப்பும் முடித்துவிட்டு நிமிர்வதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

ஆனாலும் ஒன்று விடாமல் செய்கிறேன். வாசலில் சுண்ணாம்பால் வளைவாக ஒரு கோடு. காலையில் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்துதான் வர வேண்டும். பழகிய பிறகு கையில் ஒரு டம்ளர். முதலில் காலி டம்ளர், பிறகு பாதி தண்ணீர். சிந்தினால் யாரும் திட்ட மாட்டோம், அவர்களே துடைப்பார்கள். துணியைப் பிழிவதும் கைக்கு வேலைதானே. இதற்கு நேரம் ஒதுக்கவே வேண்டாம், வருகிற வழியிலேயே முடிந்துவிடுகிறது. அம்மா இடுப்பில் உட்கார்ந்து வரும் பிள்ளைகூட வாசலில் இறங்கிவிடும்.

பழையபேப்பர்

டீச்சரம்மா, நீங்கள் செய்வது அப்படியே மாண்டிசோரி முறை. தரையில் ஒரு நீள்வட்டக் கோடு, அதன் மேல் பாதத்தோடு பாதம் ஒட்டி நடப்பது, பிறகு கையில் ஏதாவது ஏந்தி நடப்பது. மரியா மாண்டிசோரி 1939ல் சென்னைக்கு வந்தவர், போர் மூண்டதால் இங்கேயே தங்கி, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கொடைக்கானலிலும் இருந்தார். 1946ல்தான் ஐரோப்பா திரும்பினார். இன்று ‘மாண்டிசோரி’ என்று போர்டு மாட்டிய பல பள்ளிகளில் அந்தக் கோட்டை மட்டும் காணோம்!

வடமராட்சி ரீச்சர் (யாழ்ப்பாணம்)

வணக்கம். நான் இங்கே முன்பள்ளி ஆசிரியை. எங்களுக்கு இடப் பிரச்சினை இல்லை, முற்றம் முழுக்க மணல்தான். மணலில் ஓடுவது கால் பாதத்துக்கு நல்ல வேலை, விழுந்தாலும் காயம் குறைவு. சிரட்டை (கொட்டாங்குச்சி) இரண்டை எடுத்துக் கவிழ்த்து, நடுவில் துளை போட்டுக் கயிறு கோத்து, அதன் மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கவிடுவோம். கையும் காலும் ஒன்றாக எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் சிரட்டை கழன்றுவிடும். 4 வயதுக்காரர் முதலில் தடுமாறுவார்கள். விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கொடுங்கோ, இல்லையென்றால் காலில் கீறும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வருடத்தில் ஒரு விளையாட்டு விழா வைக்கிறோம், தேசிக்காயும் (எலுமிச்சை) கரண்டியும், சாக்கோட்டம் எல்லாம். அதற்காக மாதக்கணக்கில் அணிநடைதான் பழக்குகிறோம். பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்கிற நேரம்தான் கூட, ஓடுகிற நேரம் கொஞ்சம். பெற்றோருக்கு அணிநடைதான் விருப்பம்.

தூத்துக்குடி அப்பா

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘விளையாடவிட்டால் தானா வரும்’ என்ற பேச்சில் எங்களுக்கு நேரம் வீணாகிவிட்டது. என் மகன் 4 வயதில் அடிக்கடி இடித்துக்கொள்வான், கரண்டி பிடிக்கச் சிரமம். பார்த்த எல்லோரும் ‘ஆம்பளப் பிள்ளை அப்படித்தான், நிதானமா வரும்’ என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத முடியாமல் அழுத பிறகுதான் நல்ல மருத்துவரிடம் போனோம். இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்றார்கள். அறிவில் எந்தக் குறையும் இல்லை, கணக்கில் கெட்டிக்காரன். உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வகுப்பில் அவனைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிறுநடை (மதுரை)

தூத்துக்குடி அண்ணா எழுதியது முக்கியம். இந்தக் குறைபாடு பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கிறது, அதாவது ஒரு பெரிய வகுப்பில் ஒன்று இரண்டு பேர். பொதுவாக 5 வயதுக்கு முன் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சின்ன வயதில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிக அதிகம். அதற்காகச் சும்மா காத்திருக்க வேண்டும் என்று இல்லை. 3 வயது முதல் பயன்படுத்தக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

இந்த இழையின் கேள்விக்கு இன்னொரு பதிலும் இங்கே இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கான சர்வதேசப் பரிந்துரைகள் 2019ல் புதுப்பிக்கப்பட்டபோது, எந்தச் செயல் வரவில்லையோ அந்தச் செயலையே பழக்குவதைத்தான் முன்னால் வைத்தார்கள். பட்டன் வரவில்லையா, பட்டனைப் பழக்கு. சைக்கிள் வரவில்லையா, சைக்கிளைப் பழக்கு. ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பட்டன் போடுவான் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சை (ஊஞ்சல், பலகை போன்றவற்றால் புலன்களைத் தூண்டிப் பழக்குவது) பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதே: மொத்தச் சிகிச்சையில் ஒரு பகுதியாக இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் துறையில் இதை வாய்விட்டுச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

எப்போது காத்திருக்கவே கூடாது: செய்துகொண்டிருந்ததைக் குழந்தை இழந்தால், எப்போதும் ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினால், தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் கை ஊன்றி ஏறினால், விடாமல் நுனிக்காலில் நடந்தால். அப்போது இந்த மாதிரி வகுப்பு வேண்டாம், நேரே குழந்தை மருத்துவர். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தப் பரிசோதனைகள் இலவசம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. சிறுநடை அக்கா கேட்டவற்றைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நிற்கிறாள், பென்சில் சரியாகப் பிடிக்கிறாள். ஆள் படத்தில் தலையிலிருந்தே நேராகக் கால் முளைக்கிறது, கையும் காதும் உண்டு, வயிறுதான் இல்லை. நாங்கள் தரைத்தளம்தான், நீங்கள் கேட்டதும்தான் உறைத்தது.

நேற்று மாதிரி வகுப்புக்கு அழைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். சாமான்கள் எல்லாம் கலர் கலராக அழகாக இருந்தன. ஆனால் பலகை ஒன்று, சுரங்கம் ஒன்று, பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் மகள் பலகையில் நடந்தது சில விநாடிகள், மற்ற நேரமெல்லாம் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த மேடம் கையைப் பிடித்தே கூட்டிப்போனார், விழாமல் பார்த்துக்கொள்கிறார்களாம்.

மைதானம் (கோவை)

நீங்களே பதிலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மா. எந்த வகுப்புக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: முக்கால் மணியில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் அசைகிறது? வரிசை இருந்தால் அது வகுப்பு இல்லை, வெயிட்டிங் ரூம். பிள்ளைக்கு ஒரு பந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரில் அடிக்கட்டும். பலகை ஒன்றுதான் என்றால் தரையில் பத்துக் கோடு போடட்டும்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போவதும் சரியில்லை. 1963ல் ஹெல்ட், ஹைன் என்ற இருவர் பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஜோடியில் ஒரு குட்டி தானே நடக்கும், மற்றது ஒரு தொட்டிலில் உட்கார்ந்தபடி அதனோடு சேர்ந்து சுற்றிவரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காட்சியைத்தான் பார்த்தன. ஆனால் கண்ணால் பார்த்துக் காலைச் சரியாக வைக்கும் திறன் நடந்த குட்டிக்குத்தான் வந்தது. பூனையை வைத்து மனிதனை முழுசாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் பார்வையும் அசைவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்கின்றன என்பதற்கு இதைவிட எளிமையான சோதனை எனக்குத் தெரியாது.

விழுவதற்கும் பயப்பட வேண்டாம். நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர், நடக்கக் கற்கும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக மணிக்கு 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். உங்கள் மகளும் அப்படி விழுந்துதானே நடக்கக் கற்றாள். பலகையைத் தரையோடு ஒட்டி வையுங்கள், அவள் பாட்டுக்கு விழட்டும்.

சேலத்துக்காரன்

வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் வேண்டும் சார்? என் பையனுக்கு 3 வயது, அதனால் கேட்கிறேன். (ஆமாம், இப்போது நானும் கேட்கிறேன்.)

மைதானம் (கோவை)

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: 3, 4 வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 180 நிமிடம் என்றதும் மலைக்காதீர்கள், கடைக்கு நடந்து போவதும் கணக்கில் சேரும். அதற்குள் பத்து நிமிடம் மட்டும் நீங்கள் உட்கார்ந்து குறிப்பாக ஒன்றைப் பழக்குங்கள். இந்த மாதம் எறிவது என்றால் எறிவது மட்டும். வாளியை ஓர் அடி தள்ளி வைத்து, அவன் போட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

காவிரிக்கரை (திருச்சி)

வகுப்பில் சேர்க்கவில்லை. மகளைத் தினமும் பக்கத்து அப்பார்ட்மெண்டில் என் அக்கா வீட்டுக்கு லிஃப்ட் இல்லாமல் கூட்டிப்போகிறேன், மூன்று மாடி. ஏறும்போது நன்றாக ஏறுகிறாள், இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாற்றிக் கால் வைத்துப் பார்க்கிறாள். பள்ளியில் மைதானம் பெரிசாகத்தான் இருக்கிறது, எல்கேஜி பிள்ளைகளை விடுவதில்லை. மற்ற அம்மாக்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து, தினமும் அரை மணி நேரம் திறந்துவிடச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

அக்கா வீட்டில் ஒரு தொல்லை. இவள் சோபாவிலிருந்து குதிப்பதாகக் கீழ்வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார்.

அங்கன்வாடி டீச்சர் (விழுப்புரம் மாவட்டம்)

பழைய மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டு அதில் குதிக்கச் சொல்லுங்கம்மா. கால் விரலில் இறங்கி, முட்டியை மடக்கி, பூனை மாதிரி சத்தம் வராமல் குதிக்க வேண்டும் என்று போட்டி வையுங்கள். எங்கள் மையத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி மத்தியானம் தூங்குவார், அதனால் நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

சிறுநடை (மதுரை)

அதுதான் சரியான இறங்கும் முறையும்கூட. எழுதிக் கொடுக்கும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு ஒரு பந்து வேண்டும், வகுப்புக்கு ஒன்று போதாது.